டியூக்குக்கு ஒரு வீடு

போன சனிக்கிழமை காலையில் நான் லாரியில் மலையிறங்கினேன். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள். முன்னால் டிரைவர், கதவோரம் நான், நடுவில் ஒரு நாய். நாயின் தலை என் மடியில்.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். 'உனக்கு இது தேவையா?' என் கணவரும் அதையேதான் கேட்டார்.

தேவையில்லைதான். ஆனால் பேனா சும்மா இருந்தால்தானே? போன மாதம் இதே பக்கத்தில் வாயில்லாப் பிராணிகளிடம் அன்பு காட்டுவது பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். பாராட்டியதோடு விட்டுவிட்டீர்கள்; நீங்கள் நல்லவர்கள். ரோஸ் மிஸ் விடவில்லை.

ரோஸ் மிஸ் இங்கே கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. தமிழ் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. நான் எழுதியதை அவருடைய பால்காரர் வாசித்துக் காட்டினாராம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அனிமல்ஸ் பத்தி ரொம்ப நல்லா எழுதினீங்களாம். எழுதினது போதும். சாட்டர்டே ஃப்ரீயா?"

முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார். நர்ஸாக இருந்தவர் அல்லவா? ஊசி போட்டுவிட்டுத்தான் 'வலிக்காது' என்பார்கள்.

விஷயம் இதுதான். சீசனுக்கு இங்கே பங்களா பிடித்துத் தங்குகிற குடும்பங்கள் குழந்தைகள் கேட்டார்கள் என்று ஒரு குட்டியை வாங்கிவிடுவார்கள். இரண்டு மாதம் கொஞ்சல், பந்து விளையாட்டு, போட்டோ எல்லாம் நடக்கும். மழை தொடங்கியதும் பெட்டி, படுக்கை, டிரான்சிஸ்டர், ஊறுகாய் ஜாடி என்று எல்லாவற்றையும் ஞாபகமாகக் காரில் ஏற்றுவார்கள். நாய் மட்டும் எப்படியோ மறந்துபோகும்! அப்படி மறக்கப்பட்ட நாய்களெல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம், ரோஸ் மிஸ் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற பழைய குதிரை லாயம்.

சோறு போட்டு, சொறிக்கு மருந்து தடவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு தேடி அனுப்புவது அவர் வேலை. கூட நாலைந்து பேர் உதவிக்கு உண்டு. யாரும் சம்பளத்துக்கு இல்லை. இப்போது என்னையும் சேர்த்துவிட்டார்.

இந்த வருஷம் ஒரு சிக்கல். சந்தைப் பக்கம் ஒரு வெறிநாய் இரண்டு பேரைக் கடித்துவிட்டது. உடையவர் இல்லாத நாய்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவு. ஒரு வீட்டுக்கு இரண்டு லைசென்ஸுக்கு மேல் கிடையாது. ரோஸ் மிஸ் பேரில் ஏற்கெனவே இரண்டு கிழ நாய்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வருவேன், அப்போது லாயம் காலியாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லாவிட்டால் என்ன செய்வார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிட்டது. மிச்சம் நின்றது டியூக்.

அல்சேஷன் தலை, ஆனால் உடம்பும் வாலும் நம் தெரு நாயுடையவை. ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். வீட்டுக்கு ஆள் வந்தால் குரைக்கிற வழக்கமே கிடையாது. எழுந்து போய் வரவேற்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. டியூக்கின் பெரிய குறை வேறு. எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்துவிடும்.

முதலில் பள்ளங்கியில் ஒரு பூண்டுத் தோட்டக்காரர் ஆசையாக வாங்கிப் போனார். மறுநாள் வெளிச்சம் வருவதற்குள் டியூக் ரோஸ் மிஸ் வாசலில். பிறகு ஒரு ஓட்டல்காரர், அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன். கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான் தாமதம்... நேரே லாயம்.

நானே வைத்துக்கொண்டிருக்கலாமே என்கிறீர்களா? ஆசைதான். ஆனால் என் கணவருக்கு இழுப்பு உண்டு. நாயின் ரோமம் ஒன்று ஜன்னல் வழியாகப் பறந்து வந்தாலே மனிதர் உட்கார்ந்துவிடுவார். நாயா, கணவரா என்று வந்தால்... சரி, விடுங்கள்.

ஆகவே ரோஸ் மிஸ் ஒரு திட்டம் போட்டார். மலைக்கு மேலே எங்கே விட்டாலும் வந்துவிடுகிறான். மலைக்குக் கீழே கொண்டுபோய் விட்டால்? கீழே அய்யம்பாளையத்தில் வெள்ளைச்சாமி என்று ஒரு தென்னந்தோப்புக்காரர், காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். துப்புக் கொடுத்தவர் லாரி டிரைவர் பெரியசாமி. கிழங்கு ஏற்றிக்கொண்டு போய் வத்தலக்குண்டில் இறக்கிவிட்டு, அந்தத் தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டு மலையேறுவது அவருடைய வழக்கம்.

பஸ்ஸில் போகப் பார்க்காமல் இல்லை. கண்டக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடு ஏறலாம், கோழி ஏறலாம், நாய் ஏறக் கூடாதாம். ஏன் என்று கேட்டால், ஆடும் கோழியும் டிக்கெட்காரர்களைக் கடிக்காது என்றார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இந்த மலையில் இல்லை.

பெரியசாமி பழனிக்காரர். அடிவாரத்தில் அவர் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. நாயை மூட்டைகளின் மேல் கட்டிப்போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பைரவர் வாகனம்மா இது. பின்னால போட்டா நல்லாருக்காது. முன்னால ஏத்துங்க" என்றார். டப்பாவைத் திறந்து எனக்குத் திருநீறு கொடுத்தார். டியூக்கின் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்தார். அன்றைக்கு முழுவதும் டியூக் அந்தக் கோலத்திலேயே இருந்தது. என்னைவிடப் பக்தியாகத் தெரிந்தது.

மலைப்பாதையின் வளைவுகளில் டியூக் இரண்டு முறை வாந்தி எடுத்தது. நான் ஒரு முறை. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம்.

அய்யம்பாளையத்தில் நடந்தது அசல் பெண் பார்க்கும் படலம். வெள்ளைச்சாமி, அவர் மனைவி, மச்சினர் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். என்ன வயசு, என்ன சாப்பிடும், இதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேள்விகள். நானும் பெண்ணைப் பெற்றவளாய்ப் பெருமைகளை மட்டும் சொன்னேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கும் என்பதை மறைத்துவிட்டேன். கல்யாணப் பேச்சில் இது சகஜம்தானே?

எல்லாம் கூடி வந்த நேரத்தில் வெள்ளைச்சாமி ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்றார். நியாயம்தான். தோப்பில் தேங்காய் தொடர்ந்து காணாமல் போகிறது, அதற்குத்தான் நாய். ஆகவே மச்சினர் திருடனாக நடிப்பது என்று முடிவாயிற்று. மனிதர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பதுங்கிப் பதுங்கி வந்து, குவியலிலிருந்து குடுமியோடு உரித்த தேங்காய் ஒன்றை எடுத்தார். டியூக் வாலாட்டிக்கொண்டே கூடப் போனது. அவர் தேங்காயை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

அவ்வளவுதான். சீசன் முழுக்கப் பந்து பொறுக்கிப் பழகிய நாய். ஒரே தாவலில் வேலியைத் தாண்டியது. குடுமியைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. கொண்டுவந்து யாரிடம் கொடுத்தது? திருடனிடம்! இன்னொன்று வீசுங்கள் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. "திருட வர்றவனுக்குச் சம்பளமில்லாத ஆளால்ல இருக்குது இது" என்றார். அவர் மனைவி எனக்கு மோர் கொடுத்தார். யோசித்துச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும்.

மலையேறும்போது அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தும்விட்டது. நாளைக்கு ஒருநாள், அதற்கடுத்த நாள் இன்ஸ்பெக்டர். இது தெரியாமல் டியூக் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு குறட்டை விடுகிறது. அன்பு காட்ட வேண்டும் என்று எழுதுவது எவ்வளவு சுலபம்... எழுதினால் மடி கனப்பதில்லை.

பெரியசாமி என்னைப் பார்க்காமலே, ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார்.

சவுக்குக் கம்பும் தகரமுமாக ஒரு சின்ன டீக்கடை. கறுப்பையா என்பவரும் அவர் மனைவி மீனாச்சியும் நடத்துகிறார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவர்கள். இரண்டு சர்க்கார்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் 'உங்கள் ஊருக்குப் போங்கள்' என்று கப்பலேற்றப்பட்டு வந்தவர்கள். இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

மீனாச்சி எனக்குப் பால் இல்லாத சாயத்தண்ணி கொடுத்தார். கூடவே உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம். கறுப்பையா அதிகம் பேசாத மனிதர். பிளந்த விறகை ஒவ்வொன்றாக ஓரத்தில் அடுக்கு நோக்கி வீசிக்கொண்டிருந்தார்.

வீசுவதைப் பார்த்தால் டியூக் சும்மா இருக்குமா?

ஓடியது. அடுக்கிலிருந்து ஒரு கட்டையை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டது. அவர் அதட்டிவிட்டுத் திரும்ப வீசினார். திரும்பக் கொண்டுவந்தது. இன்னொன்று வீசினார், அதுவும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அடுக்கு கரைந்து, கறுப்பையாவைச் சுற்றி விறகு குவிந்துவிட்டது. நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அதற்குள் அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பில்லை. குந்தி உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டியூக் அவர் முகத்தை நக்கியது.

மீனாச்சி கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். கப்பலேறிய பிறகு இந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை என்றார். அங்கே லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் இவர்களுக்கு ஒரு நாய் இருந்ததாம். புறப்பட்ட அன்று அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ரயில் பின்னாலேயே ஓடி வந்ததாம்.

எனக்குப் பட்டென்று தோன்றிவிட்டது. நாயின் கதை முழுவதையும் சொன்னேன், திங்கட்கிழமையையும் சொன்னேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சும்மாதான், ஒன்றும் தர வேண்டாம் என்றேன்.

கறுப்பையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"கப்பல்ல ஏறுனதுலேருந்து எல்லாம் சும்மாவே தாராங்க அம்மா. போர்வை சும்மா, அரிசி சும்மா, இந்தச் சட்டியும் சும்மா. கையேந்திக் கையேந்திக் கூசுது. இந்தச் சீவனையும் சும்மா வாங்கினா, அது என்னுதுன்னு நான் எப்புடி நெனைக்கிறது?"

அவர் உள்ளே போனார். கோழிக்கு வைத்திருந்த தவிட்டு டின்னையும் கால்படி பிடிக்கிற ஓர் உழக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"தவிட்டுக்குத் தாங்க. வாங்கிக்கிறேன்."

பட்டணத்து வாசகர்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். பிறக்கிற பிள்ளைகள் தக்காமல் போகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்துப் பிறக்கிற பிள்ளையை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, அவளிடம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். கொடுத்து வாங்கியது கையை விட்டுப் போகாது என்று நம்பிக்கை. தமிழ்நாட்டிலிருந்து போன யாரோ ஒரு பாட்டன் சிலோனுக்கு எடுத்துப் போன வழக்கம், பேரனோடு இப்போது கப்பலேறித் திரும்பி வந்திருக்கிறது.

நான் முந்தானையை ஏந்தினேன். அவர் உழக்கை நிறைத்து, விரலால் தலைதட்டி, அதன்மேல் இன்னும் ஒரு சிட்டிகை வைத்துக் கொட்டினார். "வாங்கிட்டேன்" என்றார். "தந்துட்டேன்" என்றேன். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தைக்கு இப்படிக் குரல் நடுங்கியதில்லை.

பெயரைக் கேட்டார். டியூக் என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். இங்கிலாந்தில் ராஜாவுக்கு அடுத்தபடியாக இருக்கிற பெரிய துரை என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "ஆயுசு பூராத் தொரை கூப்பிட்டு நான் ஓடுனேன். இனி நான் கூப்பிட்டுத் தொரை ஓடி வரட்டும்" என்றார்.

அதோடு விட்டாரா? கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. திங்கட்கிழமை தாண்டும்வரையிலாவது கட்டிப் போடுங்கள், இங்கிருந்து கொடைக்கானல் அதற்கு ஒரு தூரமே இல்லை என்று கெஞ்சினேன். "காசு குடுக்கலேன்னாலும் வெலை குடுத்திருக்கேன். வாங்கினதுக்குக் கவுறு எதுக்கு?" என்றார். பெரியசாமியோ ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்! ஆண்பிள்ளைகள் ஒன்றுசேர்ந்துவிட்டால் நம் பேச்சு எங்கே எடுபடும்?

லாரி புறப்பட்டபோது டியூக் பின்னால் ஓடி வந்தது. வளைவு வரை வந்தது. கறுப்பையா "தொரை" என்று ஒரு குரல் கொடுத்தார். டியூக் நின்றது. எங்களைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அதற்குள் வண்டி திரும்பிவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

ரோஸ் மிஸ்ஸிடம் முந்தானைத் தவிட்டை ஒப்படைத்தேன். நாயின் உடையவர் அவர்தானே? தவிட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கிச் சொன்னதும் ஒரு கேக் டின்னைக் காலி செய்து அதில் கொட்டி மூடி வைத்தார். கட்டவில்லை என்பதை மட்டும் மென்று விழுங்கித்தான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போகவில்லை. அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. வெளிகேட்டைப் பார்த்தபடி இரண்டு பேரும் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பனிமூட்டத்தில் எது அசைந்தாலும் டியூக்காகத் தெரிந்தது. ஒன்று பால்காரரின் கன்றுக்குட்டி. ஒன்று பாதிரியார்.

திங்கட்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். லாயத்தைக் காட்டினோம். மூலை முடுக்கெல்லாம் காலி. மனிதர் பெருமூச்சு விட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். டீ கொடுத்தோம், இரண்டு கப் குடித்தார்.

அவர் போன பிறகு ரோஸ் மிஸ் காலியான லாயத்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டார். "வரலை. தேங்க் காட், வரலை" என்றார். இதைச் சொல்லிவிட்டு ஏப்ரனில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"ஒரே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயிருக்கலாம்ல?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. வீடு தேடிக் கொடுக்கிறவர்களின் சங்கடம் இதுதான். நம் வேலையை நாம் ஒழுங்காகச் செய்துவிட்டால், நம்மை யாரும் தேடி வர மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே பெரியசாமி சேதி கொண்டுவந்தார். துரை சௌக்கியம். விறகு அடுக்கு இன்னும் அடுக்கப்படவில்லை. டீக்கடைக்கு வருகிற லாரிக்காரர்கள் கட்டை வீசிப் பார்ப்பதற்காகவே ஒரு டீ கூடக் குடிக்கிறார்களாம்.

காபி கொடுக்கும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக நான் பேசினால் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'உம்' மட்டும் வரும். இந்த முறை பேப்பர் கீழே இறங்கியது.

"தவிடு எவ்வளவு?" என்றார்.

"ஓர் உழக்கு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தெரியும், இவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளை என் மாமியார் பறிகொடுத்தவர். இவரைப் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து தவிட்டுக்குத்தான் வாங்கினார். ஆனால் விலை எவ்வளவு என்பது இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் எனக்குத் தெரியாது.

"என்னை எங்கம்மா ஒரு முழுப் படிக்கு வாங்கினாங்க" என்றார் பெருமையாக.

ஒரு படி கொஞ்சம் அதிகம்தான்... ஆனாலும் இன்றுவரை ஓடிப்போகவில்லையே!